பதினொரு கட்டம், பதினைந்து எழுத்து

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பழைய பில் மென்பொருளுக்கு முதல் இடி வரி விகிதத்தால் விழவில்லை. ஒரு சின்னக் கட்டத்தால் விழுந்தது. வாட் காலத்தில் வணிகரின் வரி எண் 11 இலக்கம். ஜிஎஸ்டி எண்ணுக்கோ 15 இடம் வேண்டும்: முதலில் தமிழ்நாட்டுக்குரிய 33, அடுத்து பான் எண்ணின் பத்து எழுத்து, பிறகு இன்னும் மூன்று. ஃபாக்ஸ்புரோவில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த நிரலில் அந்த இடத்தை 11 என்று அளந்து வைத்திருந்தால், மிச்சம் நான்கும் வாசலிலேயே நிற்கும். எழுதியவரைத் தேடிப் பிடிப்பது தனிக் கதை.

காயல்பட்டினம் ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அந்தத் தொழிலுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. கல்லின் எடை காரட்டில். ஒரு காரட் 200 மில்லிகிராம், அதற்குள் நூறு சென்ட். வரியோ 3 சதவீதத்தில் தொடங்கி, 2018 ஜனவரியில் கால் சதவீதத்துக்கு இறங்கியது. விகிதத்துக்கு முழு எண்ணை மட்டும் ஏற்கும் நிரலில் 0.25 என்பது சுழியம். 2025 செப்டம்பர் 22இல் 12, 28 சதவீதப் படிகள் பெரும்பாலும் நீங்கியபோது ஜவுளி, மளிகை, மருந்துக் கடைகளுக்கும் வேலை வந்தது. புதிய மென்பொருளில் விகிதம் நிரலுக்குள் புதைந்திருக்காது. எந்தத் தேதி முதல் எவ்வளவு என்று தனி அட்டவணையில் இருக்கும். போன மாத பில்லை இன்று திருப்பி எடுத்தாலும் போன மாத வரியே விழ வேண்டும் அல்லவா?

இயந்திரங்களும் காத்திருப்பதில்லை. 64 பிட் விண்டோஸ், டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை நேரடியாக இயக்காது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு முடித்துக்கொண்டது.

ஆனால் மென்பொருளை வாங்குவது சுலபம். பழைய கணக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பாடு. ஒரே வாடிக்கையாளர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக உட்கார்ந்திருப்பார். சரக்கு இருப்பு கழித்தலில் போய்க் கிடக்கும். தமிழில் பெயர் பதிந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ‘காயல்’ கணினிக்குள் தமிழாகவே இல்லை. எஃப், எச், ஏ, ஒய், அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகக் கிடக்கிறது. எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடு தமிழாகிவிடும். உண்மைதான், ஆனால் மொத்தக் கோப்பையும் ஒரே வீச்சில் போட்டால் ஆங்கிலத்தில் இருந்த சரக்குக் குறியீடுகளும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குப்பையாகும். ஒவ்வொரு பத்தியாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

கணக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் ஆபத்து விலகுவதில்லை. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி ஒரு வாரக்கடைசியில் புதிய தளத்துக்கு மாறியது. தரவு ஒழுங்காகத்தான் போனது. தளம் சுமை தாங்கவில்லை. 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. கடைத்தெருக் கணக்கப்பிள்ளைகளின் பழைய முறை இதைவிட நிதானமானது: ஒரு மாதம் இரண்டிலும் பில் போடுவது, மாத முடிவில் இருப்பாய்வை ஒப்பிடுவது, பைசா வரை பொருந்தாமல் பழையதை நிறுத்தாமல் இருப்பது.

எப்போது மாறுவது? நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 என்பார்கள் ஆடிட்டர்கள். காயல்பட்டினத்தில் அந்த நாள் அண்மை ஆண்டுகளில் சங்கடமாகவே அமைந்தது. 2023, 2024 இரண்டிலும் அது ரமலான் நோன்புக்குள் விழுந்தது. 2025இல் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். பெருநாள் கூட்டம் நிற்கும் ஜவுளிக் கடையில் புதுத் திரையைப் பழக யாருக்கு நேரம்? ஆண்டு நடுவில், வியாபாரம் தணிந்த ஒரு மாதக் கடைசியில் தொடக்க இருப்பை ஏற்றுவதே இங்கே புத்திசாலித்தனம். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

மாறிய பிறகும் பழைய கணினியை எடைக்குப் போட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைக் காக்க வேண்டும். அதுவரை பழைய பில்களைத் திறக்க அந்தப் பெட்டி, உறை போர்த்தி, கல்லாவுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும்.