மரு உதிர்ந்த பிறகும் ஒட்டுமா?

தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு போடும்போது "அரிப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்டர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறவர்கள் பெரம்பலூரிலும் உண்டு, அரியலூரிலும் உண்டு. பிறப்புறுப்பில் பாலுண்ணி, அதாவது மரு. அதற்குள் சிலர் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்து, தோலைப் புண்ணாக்கிக்கொண்டிருப்பார்கள். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஆசிட் பட்டையும் அந்த இடத்துக்கு ஆகவே ஆகாது.

"இது எத்தனை நாளைக்கு ஒட்டும் டாக்டர்?" என்ற கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில். மரு போனால் பயமில்லை என்கிறார் ஒருவர். மூன்று மாதம், இரண்டு வருடம், ஆயுசு முழுக்க என்று மற்றவர்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது பிறப்புறுப்பு மருக்களுக்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11ஆம் வகைகள். கருக்கினாலும் உறையவைத்தாலும் போவது கண்ணுக்குத் தெரியும் மரு மட்டுமே. சுற்றியுள்ள தோலில் வைரஸ் தங்கலாம். மறுபடி முளைப்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். பெரும்பாலோர் உடம்பு இரண்டு வருடத்துக்குள் வைரஸை அடக்கிவிடுகிறது. சிலருக்கு அது ஓசையில்லாமல் கிடக்கலாம். மரு இருக்கும்போது ஒட்டும் வாய்ப்பு அதிகம், போன பிறகு குறைவு. ஆனால் இன்ன தேதியோடு நின்றது என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே தெரியாது என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லும் டாக்டரைத்தான் நான் நம்புவேன். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோல் வழியாக ஒட்டலாம்.

எனக்குப் பெரிய கவலை குடும்பங்களைப் பற்றியது. வளைகுடாவிலிருந்து கணவர் லீவில் வந்திருக்கும்போது மனைவிக்கு மரு தெரிந்தால், அன்றே சந்தேகம், அடிதடி, பஞ்சாயத்து. ஒட்டிய வைரஸ் மருவாக வெளிவர வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வருடங்களும் ஆகலாம். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று எந்தப் பஞ்சாயத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே வந்ததாகக்கூட இருக்கலாம்.

இந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் உண்டு. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. முதலில் தொடங்கத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18ஆம் வகைகளைத் தடுப்பதே இதன் நோக்கம். சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் போன்றவை 6, 11ஐயும் தடுக்கும். ஏற்கெனவே வந்த மருவை இந்தத் தடுப்பூசி கரைக்காது.

மரு வந்த பெண்ணுக்குப் புற்றுப் பயம் தனியாக வேண்டாம். 30 வயதுக்கு மேல் எல்லாப் பெண்களுக்கும் செய்யும் கருப்பை வாய்ப் பரிசோதனையே அவருக்கும் போதும். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருவுக்குத் தடவும் பொடோபிலின் மருந்து கர்ப்பிணிக்கு ஆகாது.