தேர்வுக் காலத்து வயிற்றுவலி

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வயிற்றுவலியோடு வரும் மாணவ மாணவியரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பெரும்பாலும் காலையில் வலி. பள்ளி விடுமுறை நாளில் குறைவு. சிலருக்குக் குமட்டல், சிலருக்குத் தலைவலி, சில மாணவியருக்கு மாதவிலக்கு தள்ளிப்போதல். உடற்கோளாறு ஏதேனும் உண்டா என்பதையே முதலில் பார்க்கிறோம். இரத்தம், சிறுநீர், தேவைப்பட்டால் ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னவுடன், உடன் வந்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "அப்ப நடிக்காளா, டாக்டர்?"

நடிப்பு அன்று. குடலும் மூளையும் நரம்புகளால் இணைக்கப்பட்டவை. அச்சம் நாள்கணக்கில் நீடிக்கும்போது குடலின் அசைவு மாறுகிறது. சிறு இழுப்பும் பெருவலியாகத் தோன்றுகிறது. ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் புளியங்குடிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாயுடனும் ஆச்சியுடனும் வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மலையடிவாரத்தில் தந்தைக்குச் சிறிய எலுமிச்சைத் தோப்பு. மகளை நீட் பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தார். "படின்னு ஒரு நாளும் நாங்க அதட்டுனதில்ல, டாக்டர்" என்றார் தாய். அது உண்மைதான். ஆச்சிக்கோ இது கண்ணேறு என்பதில் ஐயமே இல்லை.

தனியே பேசியபோது, அவள் தன் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொன்னாள். அதில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தாள். பயிற்சிக் கட்டணம், பேருந்துச் செலவு, புத்தகங்கள், அடகுக்குப் போன அம்மாவின் வளையல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு எத்தனை மூட்டை எலுமிச்சை விற்றாக வேண்டும் என்ற எண்ணிக்கை. கோடையில் காய்க்கு விலை உண்டு, மழைக்காலத்தில் விழுந்துவிடும். சந்தைக்குப் போய்வந்த தந்தை இரவு உணவின்போது சொல்லும் விலையைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் அந்த மூட்டைக் கணக்கைத் திருத்துவாளாம். தேர்வில் தவறினால் அத்தனை மூட்டைகளையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அந்தக் கேள்விதான் அவள் வயிற்றில் வலியாக இருந்தது.

அடியும் திட்டும் பிள்ளைகளை வாட்டும் என்பதை இன்று பெரும்பாலான பெற்றோர் அறிந்திருக்கிறார்கள். "உனக்காகத்தானே இவ்வளவும்" என்ற சொல் வாட்டும் என்பதை நாம் அவ்வளவாக உணர்வதில்லை. அன்போடு சொல்லப்படுவது அது. ஆயினும் பதினாறு வயதுப் பிள்ளையின் காதில் அது கடன் பத்திரமாக விழுகிறது. பணக்கஷ்டத்தைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறைத்தாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். யாருடைய கடன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "செலவு செய்வது நாங்கள் எடுத்த முடிவு. முடிவு எப்படி வந்தாலும் அதை நீ அடைக்க வேண்டியதில்லை." ஒரு முறை சொன்னால் போதாது.

இம்மடலை உள்நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து படிக்கும் பெற்றோரும் இருப்பீர்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது பிள்ளையின் கணக்கில் மருத்துவச் செலவும் சேர்ந்துகொள்கிறது. "நான் டாக்டராகி அப்பாவைக் குணமாக்குவேன்" என்று பிள்ளை சொன்னால் மனம் நெகிழ்கிறது. அந்தப் பொறுப்பு தனக்கில்லை என்று அப்பிள்ளைக்கு யாராவது சொல்லவும் வேண்டும். இரவில் தொலைபேசியில் அழைக்கும்போது எத்தனை பாடம் முடிந்தது என்பதற்கு முன்னால், சாப்பிட்டாயா, எப்போது தூங்கினாய் என்று கேளுங்கள். இந்த வயதினருக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை. விடிய விடியப் படித்தது தேர்வறையில் நினைவுக்கு வராமல் போவதில் வியப்பில்லை.

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. தரவரிசை வீடுகளில் மட்டும் தொடர்கிறது: அத்தை மகன் எவ்வளவு, எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு. முடிவு வெளியாகும் நாளில் உறவினர் அழைப்புகளைப் பெற்றோரே எடுத்துப் பேசிவிடுவது நல்லது. ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டு வீணாகும் காலம் போய்விட்டது. சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். இச்செய்தியை முடிவு வந்த பின்னர் அன்று, தேர்வுக்கு முன்பே வீட்டில் பேசி வைத்திருக்க வேண்டும்.

ஒன்றைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். 2022இல் மட்டும் இந்தியாவில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். பிள்ளை திடீரென ஒதுங்கினாலோ, தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுமை குறையும்" என்பதுபோல் பேசினாலோ, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. தனியே விடாதீர்கள். நம் பகுதியில் தோப்பும் வயலும் உள்ள வீடுகளில் பூச்சிமருந்து இருக்கும். அதைப் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்துகளை வீடுகளுக்கு வெளியே பொதுவான பூட்டிய பெட்டகங்களில் வைக்கச்செய்து, உயிர்களைக் காக்க அது உதவக்கூடும் என்று கண்டனர். உயிரை மாய்க்கத் தூண்டும் வேகம் பல நேரங்களில் சிறிது நேரமே நிற்கும். அந்த நேரத்தைக் கடக்க ஒரு பூட்டு துணையாகும். 14416 என்ற எண்ணில் நாள் முழுவதும் கட்டணமின்றித் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கும் வரலாம். தேவைப்பட்டால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக்கிறோம்.

அந்த மாணவியின் தந்தை மறுவாரம் வந்தார். அவளுடைய இசைவுடன் நோட்டுக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூட்டைக்கு அவ்வளவு விலை எங்க போச்சு, டாக்டர்? கணக்கே தப்பு" என்றார். அன்றிரவு மகளோடு உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்து, அதன் அடியில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாராம்.

நீட் தேர்வில் அவளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். விடுமுறைக்கு வரும்போது, ஆச்சிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க எங்கள் மருந்தகத்துக்கு வருகிறாள்.