கத்தரிப்பூ மூடிக்கு அடியில் என்ன?

கதவில் 'உள்ளே வர அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இன்று நமக்கு அனுமதி கிடைத்துவிட்டதே! வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைவோம் வாருங்கள்.

கண்ணை முதலில் பறிப்பவை குழாய்களின் மூடிகள்தாம். கத்தரிப்பூ, சாம்பல், சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம் என்று கொலுப்படி மாதிரி அடுக்கிவைத்திருக்கிறார்கள். அழகுக்கா? டெக்னீஷியன் அக்கா சிரிக்கிறார். கத்தரிப்பூவில் ஈடிடிஏ இருக்கிறது. ரத்தம் உறையாது என்பதால் அணுக்களை எண்ணவும், சர்க்கரைக்கான எச்பிஏ1சி பார்க்கவும் இந்தக் குழாய்தான். சாம்பலில் ஃபுளோரைடு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்குமாம்! அந்தப் பந்தியை நிறுத்தத்தான் ஃபுளோரைடு.

எடுக்கிற வரிசையிலும் ஒரு ரகசியம். வெளிர்நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், கத்தரிப்பூ, கடைசியில் சாம்பல். கத்தரிப்பூவை முன்னால் எடுத்துவிட்டால் அதிலுள்ள பொட்டாசியம் உப்பு அடுத்த குழாயில் துளி ஒட்டினாலும் போச்சு. பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், திடகாத்திரமான மனிதர் காகிதத்தில் நோயாளி ஆகிவிடுவார்.

அதோ, குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்கிறது! மேலே பொன்னிறத்தில் சீரம், கீழே சிவப்பு. ஒரே ஒரு குழாயில் மட்டும் சீரம் பாலாகக் கலங்கியிருக்கிறது. அக்கா கண்ணடிக்கிறார். "ஒண்ணு, இவருக்கு டிரைகிளிசரைடு எக்கச்சக்கமா இருக்கணும். இல்ல, வெறும் வயிறுன்னு நம்மகிட்ட சொல்லிட்டு, நெய் ரோஸ்ட்டை ஒரு கை பார்த்துட்டு வந்திருக்கணும்!"

அளவு பார்க்கும் இயந்திரமோ படு கறார். அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டி, விடை சரியாக வந்தால்தான் நம் ரத்தத்துக்கு முறை வரும். பெரும்பாலான தவறுகள் சாம்பிள் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அந்தப் பகுதியில் பாதி ஆட்டம் நம் கையில்!

எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவை என்று முந்தின நாளே கேளுங்கள். தேவையென்றால் 8 முதல் 12 மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், காபிக்குத்தான் தடை. எச்பிஏ1சிக்குப் பட்டினியே வேண்டாம். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? தைராய்டு முடிவையே அது குழப்பிவிடும், சொல்லிவிடுங்கள். மற்ற மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள், பொட்டாசியம் ஏறும். நாற்காலியை விட்டு எழுவதற்குள் குழாயில் ஒட்டிய பெயரையும் வயதையும் படித்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் தடித்த எழுத்தைக் கண்டு பதறுகிறீர்களா? 'இயல்பு அளவு' என்று அச்சிடுவது, பொதுவாக ஆரோக்கியமான 100 பேரில் 95 பேருக்கு இருக்கும் அளவு. மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்களே! ஆகவே ஒற்றை எண்ணைவிட அதன் போக்குதான் முக்கியம். கூடத்துக்குக் கூடம் முறையும் அளவும் மாறலாம், முடிந்தவரை ஒரே இடத்தில் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோத்து எடுத்துப்போய், "டாக்டர், போன தடவையைவிட இது ஏன் கூடியிருக்கு?" என்று கேட்டுப்பாருங்கள். பேச்சின் தினுசே மாறிவிடும்!