வாசகமும் வாத்தியமும்



இலக்கிய நிகழ்ச்சியில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். 2005ஆம் ஆண்டில், எமது எழுத்தோடு உறவுள்ள இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஒன்று இளையராஜாவின் திருவாசகம். மற்றையது எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாயா அருட்பிரகாசத்தின் 'அருளர்'. இரண்டையும் ஒருங்கே வைத்துக் கேட்டவர்கள் குறைவு.

முதலாவதைப் பார்ப்போம். பண்ணைத் தாம்போதியால் வரும்போது முதலில் எதிர்ப்படும் தீவு எங்கள் மண்டைதீவு. மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை ஓதிய ஊர். அந்தச் செவியோடுதான் நான் இதைக் கேட்டேன். ஓதுவார் சொல்லுக்காக மூச்சை நீட்டுவார்; பெரிய வாத்தியக்குழுவோ எழுதிவைத்த கணக்குக்கு இசைப்பது. எமது பண் ஒற்றைக் கோடாக ஓடும். மேலைச் செவ்விசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியில் நடக்கும். இந்த இரண்டையும் இணைப்பதே இளையராஜா எடுத்துக்கொண்ட சவால். புடாபெஸ்ட் சிம்பொனிக் குழு வாசிக்க அவரே பாடினார். ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் இடையில் வருகின்றன. முன்னின்று உழைத்தவர், தொண்ணூறுகளில் மணிலாவின் வெரித்தாஸ் வானொலித் தமிழ்ப் பணியில் இருந்த கத்தோலிக்க குருவானவர் ஜெகத் கஸ்பார்.

இதனைச் சிம்பொனி என்று பலர் சொன்னாலும், 'ஒரட்டோரியோ' என்பதே பொருத்தம். அதாவது, வாத்தியக்குழுவோடு பாடகரும் பாடற்குழுவும் சேர்ந்து சமயப் பொருளைப் பாடுவது. சிம்பொனியில் பெரும்பாலும் வாத்தியங்களே பேசும். இளையராஜா எழுதிய அத்தகைய சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் குழுவினால் அரங்கேற்றப்பட்டது.

பாடற்குழு ஓங்கும் இடங்களில் மணிவாசகரின் சொல் அமிழ்ந்து போகிறது என்பது என் எண்ணம். தனிக்குரல் நிற்கும் இடங்களிலோ, கீழே இழையும் வயலின்கள் அந்தத் தனிமையை இன்னும் ஆழமாக்குகின்றன. முதல்முறை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம்முறை குரலுக்குக் கீழே நடப்பதைக் கேளுங்கள்.

இரண்டாவது இசைத்தட்டின் பெயருக்கு உரியவர் மாயாவின் தந்தை. 1977 வன்செயலின் பின் அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே வரும் கப்பலைக் களமாக்கி, 'லங்கா ராணி' நாவலை எழுதிய அருளர் அவர். மகள் சிறுபராயத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, எண்பதுகளில் அகதியாக லண்டன் சென்றவர்.

அவரது 2007ஆம் ஆண்டுத் தட்டான 'கலா' தாயின் பெயரைத் தாங்கியது. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, 'த கிளாஷ்' என்ற ஆங்கில றொக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டின் ஒரு துண்டு. பழைய ஒலிப்பதிவிலிருந்து துண்டெடுத்துப் புதியதற்கு அத்திவாரமாக்கும் இம்முறையைச் 'சாம்பிளிங்' என்பர். புலவர்கள் முன்னோர் சொல்லை எடுத்தாள்வது போன்றதே இது. வந்தேறிகள் புறக்கணிக்கப்படுவதைப் பாடியது அந்த றொக் பாட்டு. அதன்மேல் நின்று, வந்தேறிகளைக் கண்டு அஞ்சுவோரைத் துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டி ஓசையும் கலந்து கேலிசெய்கிறார் அகதியாகச் சென்ற பெண். துண்டின் பூர்வீகம் தெரிந்தால்தான் கேலியின் கசப்பு முழுமையாக விளங்கும்.

ஒன்று பக்தி; மற்றது ஆரவாரம். இருந்தும் இரண்டும் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: பிறந்த இடத்தை விட்டுப் போன சொல், அந்நிய ஓசைக்குள் உயிரோடிருக்குமா?

1990 ஆகஸ்டில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீடுகளோடு விடியற்கால ஓசைகளையும் விட்டுச் சென்றார்கள். கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சேமக்கல ஒலி தெரியாது. அவர்களில் ஒரு பிள்ளைக்கு மணிவாசகர் முதன்முதலில் வயலின்களோடு அறிமுகமாகலாம். 'லங்கா ராணி' ஒரு பாடகியின் தகப்பனார் எழுதிய புத்தகமாகத் தெரியவரலாம். இது ஓசை கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கேட்ட பிள்ளையிடம் மூலநூலை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை.