ஊரே சேர்ந்து எழுதும் வேலைப் பட்டியல்!

கல்யாணம் என்றால் வீட்டில் முதல் வேலை பட்டியல் போடுவதுதான். பந்தல், சமையல், மேளம், பத்திரிகை, தாம்பூலம் என்று ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். ஒரு வேலை முடிந்தால், அப்பா அதைக் கோடு போட்டு அடிப்பார். அம்மா புதிதாக இரண்டு வரி சேர்ப்பார். "பாத்திரக் கடைக்கு யார் போவது?" என்று சித்தப்பா அந்தத் தாளைத் தேடுவார். தாளோ சித்தியின் பையில் போயிருக்கும்!

இருப்பது ஒரே தாள். அது ஒருவர் கையில் இருந்தால், மற்றவர் பார்க்க முடியாது. இதுதான் தொல்லை.

அந்தத் தாள் எல்லோர் கையிலும் இருந்தால்? தர்மபுரியில் ஒருவர் ஒரு வரியை மாற்றினால், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் அது தெரிந்தால்? அப்படி ஒரு தாள் இருக்கிறது. அதன் பெயர் "விக்கி".

பஸ் தந்த பெயர்

இதைக் கண்டுபிடித்தவர் வார்டு கன்னிங்காம். அமெரிக்கர். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுபவர். 1995-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல் விக்கியை வெளியிட்டார்.

ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹொனலுலு விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பஸ்சுக்கு "விக்கி விக்கி" என்று பெயர். ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் "விரைவு" என்று அர்த்தம். அந்தப் பெயரையே அவர் தன் கண்டுபிடிப்புக்கும் வைத்தார்.

2001-ம் ஆண்டு "விக்கிப்பீடியா" என்ற கலைக்களஞ்சியம் பிறந்தது. 2003-ல் தமிழுக்கும் அது வந்தது. 2017-ல் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. சம்பளம் வாங்கி எழுதியவை அல்ல இவை. பொதுமக்கள் தாங்களே விரும்பி எழுதியவை.

சிவப்பு நீலமாகும்

ஒருவர், தர்மபுரி மாவட்டத்தைப் பற்றி எழுத வேண்டியவை என்று விக்கியில் ஒரு பட்டியல் போடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஊர், கோவில், ஏரி என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன.

கட்டுரை உள்ள பெயர் நீலமாகத் தெரியும். யாரும் எழுதாத பெயர் சிவப்பாகத் தெரியும். சிவப்பைத் தொட்டால், எழுதுவதற்கு வெற்றுப் பக்கம் திறக்கும். எழுதிச் சேமித்ததும் அந்தப் பெயர் தானாகவே நீலமாகிவிடும். கோடு போட்டு அடிக்கும் வேலைகூட இல்லை!

1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, சேலம் மாவட்டத்தில் இருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அந்தப் பக்கம் போய்விட்டன. அச்சிட்ட பழைய புத்தகத்தில் பழைய பட்டியல்தான் இருக்கும். விக்கியில் யாராவது ஒருவர் ஊரின் பெயரை எடுத்து, சரியான மாவட்டத்தில் வைத்தால் போதும். எல்லோருக்கும் அது திருந்திவிடும்.

சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியில் காலமானார். அங்கே அவர் நினைவிடத்தைப் படம் எடுத்துச் சேர்ப்பது உள்ளூர் மாணவருக்கு அரை மணி நேர வேலை. சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு நாள் பயணம்.

மூன்று நிறங்கள்

விக்கிப்பீடியாவின் தங்கை "விக்கிமூலம்". இது பழைய நூல்களின் வீடு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய 2,000-க்கும் மேற்பட்ட நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இதில் ஏற்றியிருக்கிறார்கள்.

படத்தில் உள்ள எழுத்துக்களைக் கம்ப்யூட்டரே படித்துத் தரும். ஆனால் அதற்கும் கண் தடுமாறும். "ர" என்பதைக் கால் என்று எண்ணிவிடும். காலை "ர" என்று படித்துவிடும். மனிதர்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

எந்தப் பக்கம் முடிந்தது, எது முடியவில்லை என்பதை நிறம் சொல்லும். சிவப்பு என்றால் இன்னும் யாரும் பிழை திருத்தவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் திருத்திவிட்டார். பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். மஞ்சள் ஆக்கியவரே பச்சை ஆக்க முடியாது. கணக்கு எழுதியவரே தணிக்கை செய்யலாமா?

கெடுத்துவிட மாட்டார்களா?

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், குறும்புக்காரர்கள் அழித்துவிட மாட்டார்களா? அழிக்கலாம். ஆனால் தப்ப முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் "வரலாறு" என்று ஒரு பகுதி உண்டு. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். ஒரே தட்டில் பழையபடி மாற்றிவிடலாம்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே வரியில் கை வைத்தால்? பின்னால் சேமிப்பவரை விக்கி நிறுத்தும். முன்னவர் எழுதியதையும் காட்டும். பார்த்து, இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியதுதான்.

எப்படித் தொடங்குவது?

பெரிய படிப்பு தேவை இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். இணைய வசதி உள்ள கைப்பேசியே போதும். விக்கிமூலத்தில் இலவசமாகப் பெயரைப் பதிவு செய்து கொள்ளுங்கள். சிவப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, படத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் படியுங்கள். பிழையைத் திருத்துங்கள். மஞ்சளைத் தொட்டுச் சேமியுங்கள்.

தாத்தா எழுத்துக் கூட்டிப் படிக்க, பேத்தி திருத்தலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால், 200 பக்க நூல் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். பழைய புத்தகத்தின் தாள் ஒடிந்து போகலாம். அதற்குள் அதில் உள்ள எழுத்துக்களைக் காப்பாற்றிவிட வேண்டும்.