லா ஜுமான்: வாசலில் நிற்கும் ஆள்

புயலில் கலங்கரை விளக்கம்னா பலருக்கும் நினைவுக்கு வர்றது ஒரே படம்தான். பிரான்ஸின் உஷாந்த் தீவுக்கு அருகே, கடல் பாறை மேல் நிற்கும் லா ஜுமான். ஹெலிகாப்டரில் இருந்தபடி ழான் கிஷார் 1989 டிசம்பர் 21 அன்று எடுத்தது. கோபுரத்துக்குப் பின்னால் அலை எழும்பி இரண்டு பக்கமும் வளைச்சுப் பிடிக்குது. முன்வாசலில் காவலர் நிற்கிறார், பொம்மை மாதிரி. அவர் இல்லைன்னா அலையோட அளவே நமக்குப் புரியாது, வெறும் நுரைதான்.

அந்த நேரத்துல அவர் ஏன் கதவைத் திறந்தார்? ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு, மீட்க வந்துட்டாங்கன்னு நினைச்சு! வந்ததோ கேமரா. அலை அவர் முதுகுப் பக்கம். சட்டுனு உள்ளே போய்க் கதவைச் சாத்தினதால பிழைச்சார். போஸ்டராகப் பல வீட்டுச் சுவர்களில் தொங்குவது அதற்கு முந்தின நொடி.