அயல்நிலத்து உயிர்கள் – 7: மலையில் தெரிவது எந்த ஆடு?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மேற்குக் கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே, சிவாவா பாலைவனத்தின் மலைகள் நிற்கின்றன. சியெர்ரா தியாப்லோ, சினாட்டி, எலிஃபன்ட் மலை என்று ஒவ்வொன்றும் தனித்தீவு போல வெட்டவெளியிலிருந்து எழும்புகிறது. அங்கே தொலைநோக்கியோடு உட்காருபவரின் கண்ணில் இன்று முதலில் படக்கூடிய காட்டு ஆடு அந்த மண்ணுக்கு உரியதல்ல. அட்லஸ் மலைகளிலும் சஹாராவின் பாறைத் திட்டுகளிலும் வாழும் வட ஆப்பிரிக்க விலங்கான அவுடாட் அது. அந்த மண்ணுக்கே உரியது பிக்ஹார்ன் எனப்படும் பெருங்கொம்பு ஆடு. அதைக் காண்பது அரிது. அவுடாட் அழகான விலங்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பெருங்கொம்பு ஆடு வாழும் மலைகளிலிருந்து அதை அகற்றியே தீரவேண்டும் என்பது என் கட்சி. நோய்ப்பழி, அருமை, வருமானம் என்று மூன்று பக்கங்களிலிருந்து இதற்கு வரும் மறுப்புகளும் சாதாரணமானவை அல்ல.

முதலில் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். நினைப்பதைவிட இது கடினம். ஆபத்தை உணர்ந்தால் அவுடாட் உடனே ஓடுவதில்லை, அசையாமல் நின்றுவிடும். அதன் மணல் நிறத்தை அதே நிறப் பாறையிலிருந்து பிரித்தெடுப்பது பழகிய கண்ணுக்கும் சோதனைதான். உச்சிவெயிலில் பாறை விளிம்புகளின் நிழலில் படுத்துவிடும். அதிகாலையும் அந்தியும்தான் தேடுவதற்கு உகந்த நேரம். வளர்ந்த கிடாவில் குழப்பம் வராது. தொண்டையிலிருந்து மார்பு வழியாக முன்னங்கால்கள் வரை நீண்ட மயிர் தொங்கும். கொம்புகள் வெளிப்பக்கமாக விரிந்து, பின்னே வளைந்து, நுனியில் உள்ளே திரும்பும். பெருங்கொம்பு ஆட்டின் கிடாவுக்கோ கொம்பு முகத்தையொட்டிச் சுருண்டு முன்னோக்கி வரும். பெட்டைகளிலும் இளங்கிடாக்களிலும்தான் சிக்கல். அவுடாட் பெட்டைக்கும் நல்ல நீளமான கொம்பு உண்டு. மயிர் அவ்வளவாக இராது. அப்போது பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பெருங்கொம்பு ஆட்டின் பின்புறத்தில் பெரிய வெள்ளைத் திட்டு, அதன் நடுவே குட்டையான கருவால். அவுடாடுக்கு அந்த வெள்ளை கிடையாது. நுனியில் குஞ்சம் வைத்த நீண்ட வால் உண்டு. இது வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் நுணுக்கம் அல்ல. ஹெலிகாப்டரில் பறந்து மந்தைகளை எண்ணுபவர்கள் சில நொடிகளில் செய்தாக வேண்டிய தீர்ப்பு இது. ஒரு மலையில் எது பெருகுகிறது, எது தேய்கிறது என்ற கணக்கு முழுவதும் இந்த வெள்ளைத் திட்டின்மேல்தான் நிற்கிறது.

மண்ணின் ஆடு அரிதாகி, வந்த ஆடு பெருகிய இந்த நிலைமை தானாக வந்ததல்ல. வரைமுறையற்ற வேட்டை, வீட்டு ஆடுகள் கொண்டுவந்த நோய், மேய்ச்சல் நிலங்களை அடைத்த கம்பிவலை வேலி ஆகியவை சேர்ந்து டெக்சாஸின் பெருங்கொம்பு ஆட்டைக் கரைத்தன. 1903இல் வேட்டையைத் தடைசெய்தும் பயனில்லை. 1960 வாக்கில் அந்த மாநிலத்தில் பிறந்த கடைசி ஆடுகளும் சியெர்ரா தியாப்லோவில் மறைந்தன. அவற்றை மீட்பதற்கான கூட்டு ஒப்பந்தம் 1954இல் கையெழுத்தானது. அதே பத்தாண்டில், 1957-58இல், அதே மாநிலத்தின் வேட்டை, மீன்வளத் துறை வடக்கே பாலோ டுரோ பள்ளத்தாக்கில் 44 அவுடாடுகளை அவிழ்த்துவிட்டது. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோ 1950இலேயே இதைச் செய்திருந்தது. பாறைப் பள்ளத்தாக்குகள் பெருவிலங்கு இல்லாமல் காலியாகக் கிடக்கின்றன, வேட்டைக்காரர்களுக்கு ஏதாவது வேண்டும் என்பதுதான் அக்காலத்து எண்ணம். ஒரு கை தொட்டிலை ஆட்ட, மறுகை அதில் வேறொரு பிள்ளையைக் கிடத்தியது போல. மேற்கு மலைகளுக்கு அவுடாட் வந்து சேர்ந்ததில் தனியார் பண்ணைகளின் பங்கும் பெரிது.

வந்த விலங்குக்கு எல்லாமே சாதகம். தண்ணீர் குடிக்காமல் நெடுநாள் தாங்கும். கிடைத்த இலைதழையைத் தின்னும். பெருங்கொம்பு ஆடு பெரும்பாலும் ஒரு குட்டி போட, அவுடாட் பல சமயம் இரட்டைக்குட்டி போடும். உடலும் பெரிது, கிடா 140 கிலோவைத் தொடும். ஒரே சரிவில், ஒரே நீர்நிலையில் இரண்டும் சந்தித்தால் ஒதுங்குவது எது என்று ஊகிக்கலாம். ஆனால் மேய்ச்சல் போட்டியைவிடக் கொடியது நோய். அரிசோனா முதலான இடங்களிலிருந்து ஆடுகளைக் கொண்டுவந்து, வளர்ப்புக் கொட்டில்களில் பெருக்கி, மலை மலையாக இடம் மாற்றி, அரை நூற்றாண்டு உழைப்பில் டெக்சாஸ் சுமார் 1,500 பெருங்கொம்பு ஆடுகளை எட்டியிருந்தது. 2019க்குப் பிறகு மைக்கோபிளாஸ்மா ஓவிநியுமோனியே என்ற பாக்டீரியா தரும் நிமோனியா அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. அதே பாக்டீரியாவை அவுடாட் மந்தைகளும் சுமந்து திரிகின்றன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்த பாக்டீரியா வீட்டுச் செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் இருப்பது. அவுடாடைக் குற்றவாளியாக்குவது பழியை மாற்றிப்போடுவதல்லவா? ஆம், மூலம் வீட்டு ஆடுதான். ஆனால் வீட்டு ஆட்டுக்கு வேலி உண்டு, மேய்ப்பவர் உண்டு. அதைச் செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளி வைக்க முடியும். அவுடாடோ அந்தப் பாறையிலேயே பிறந்து, மலைக்கு மலை தாவும் விலங்கு. யார் முதலில் நோயைக் கொண்டுவந்தார் என்பது வரலாற்றுக் கேள்வி. மலையில் இப்போது அதை யார் தொடர்ந்து வைத்திருக்கிறார் என்பதுதான் நிர்வாகக் கேள்வி.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. தன் தாயகத்தில் அவுடாட் அருகி வருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ‘அழியக்கூடிய இனம்’ என்று பட்டியலிட்டிருக்கிறது. அங்கே அழிவதை இங்கே காப்பது புண்ணியம்தானே என்கிறார்கள். உவமைக்குச் சாட் நாட்டின் வளைகொம்பு ஓரிக்ஸைக் காட்டுவதும் வழக்கம். காட்டில் முற்றிலும் அழிந்த அந்த விலங்கு, அபுதாபியில் வளர்த்த மந்தையிலிருந்து 2016 முதல் மீண்டும் சாட்டில் விடப்பட்டது உண்மை. ஆனால் அந்த மந்தையைத் திட்டமிட்டு, வம்சாவளி பார்த்துச் சேர்த்தார்கள். திரும்ப அனுப்பும் நோக்கம் முதலிலேயே இருந்தது. டெக்சாஸ் மலைகளில் திரிவது சிறைக்கூட்டிலிருந்து வந்த சில பத்து விலங்குகளின் வழித்தோன்றல், இப்போது நோய்க்கிருமியும் சேர்ந்தது. அதன் தலைக்கணக்கு உயர்வதால் அட்லஸில் ஒரு துப்பாக்கியும் தாழ்வதில்லை. சஹாராவின் அவுடாடைச் சஹாராவில்தான் காக்க வேண்டும்.

மூன்றாவது, பணம். இதை எளிதில் தள்ள என்னால் முடியவில்லை. டெக்சாஸ் நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அவுடாட் அயல் கால்நடை. வேட்டைக்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆண்டு முழுவதும் கட்டணம் செலுத்தும் வேட்டைக்காரர்களை அது அழைத்துவருகிறது. வறட்சியில் மாடு மெலிந்தாலும் அந்த வருமானம் மெலிவதில்லை. பெருங்கொம்பு ஆட்டுக்கோ அரசு தரும் அனுமதிச்சீட்டு மிகச் சில. அவுடாடை ஒழியுங்கள் என்று பண்ணைக்காரரிடம் சொல்வது அவருடைய வரவில் கைவைப்பது. எனவே மாநிலம் முழுவதும் ஒழிப்பு என்பது நடக்காத பேச்சு. நான் கேட்பது மலைவாரியான தீர்ப்பு. பெருங்கொம்பு ஆடு இல்லாத, வரவும் வாய்ப்பில்லாத பள்ளத்தாக்குகளில் அவுடாட் வருமானம் தரட்டும். பெருங்கொம்பு ஆடு இருக்கும் மலைகளில் அரசு நிலமோ தனியார் நிலமோ, கடைசி அவுடாட் வரை அகற்ற வேண்டும். பண்ணைக்காரருக்கு ஏற்படும் இழப்பை அரசு ஏற்பதும் நியாயமே. 1957இல் அவிழ்த்துவிட்டது அரசுதானே.

இப்படிப்பட்ட மலை ஒன்று கைவசம் இருக்கிறது. 2024 டிசம்பரில் எலிஃபன்ட் மலையிலிருந்து 77 பெருங்கொம்பு ஆடுகளை எல் பாசோ நகரத்தை ஒட்டிய ஃப்ராங்க்ளின் மலைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மலையைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம், அங்கே அவுடாட் இல்லை என்பது. ஆனால் அவுடாடின் இளங்கிடாக்கள் மந்தையை விட்டு நெடுந்தூரம் அலையக்கூடியவை. ஃப்ராங்க்ளினில் குஞ்சம் வைத்த முதல் வாலை ஒருவர் பார்த்தால், அதே வாரத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

(தொடரும்)